பழைய ஆடியோ சி.டி. ரெக்கார்டர் வாங்குகிறீர்களா? முதலில் பில்லைப் படியுங்கள்

போன 6,500 ரூபாயைவிட, அப்பாவின் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணானதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அப்பாவிடம் இருநூறு கேசட்டுக்கு மேல் இருக்கிறது. ரெக்கார்டிங் கடையில் லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கியவை, ரேடியோவில் பிடித்தவை, தாத்தா பஜனையில் பாடியது எல்லாம் கலந்து கிடக்கும். பீமரத சாந்திக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, அதிலிருந்து பொறுக்கி ஒரு சி.டி. போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. கம்ப்யூட்டரில் நானே செய்து கொடுத்திருப்பேன். ஆனால் தன் கையாலேயே செய்ய வேண்டும், டேப் ரெக்கார்டர் மாதிரி பட்டனை அமுக்கினால் பதிய வேண்டும் என்றார். சென்னையில் பழைய எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ஒரு கடையில் அப்படிப்பட்ட பெட்டி கிடைத்தது.

கடைக்காரர் கேசட் டெக்கிலிருந்து ஒரே ஒரு பாட்டைப் பதிந்து, அதே பெட்டியில் ஓட்டிக் காட்டினார். "பாத்தீங்களா சார், கம்பெனி ரெக்கார்டிங் தோத்துடும்." நானும் தலையாட்டினேன். கூடவே 'ஆடியோ' என்று அட்டை செருகிய பத்து டிஸ்க், ஒன்று 60 ரூபாய்.

வீட்டுக்கு வந்து போட்டால், பத்தையும் பெட்டி துப்பிவிட்டது. இந்த வகை ரெக்கார்டர்கள் கம்ப்யூட்டரில் போடும் சாதாரண சி.டி.ஆர்-ஐ, அதாவது எழுதுவதற்கான வெற்று சி.டி.யை, தொடாது. அமெரிக்காவில் 1992-இல் வந்த சட்டப்படி, வீட்டில் பாட்டுப் பதியும் டிஜிட்டல் கருவிக்கும் டிஸ்க்குக்கும் இசைக்காரர்களுக்கான பங்கு ஒன்று விலையிலேயே சேரும். அந்தப் பங்கு சேர்ந்த டிஸ்க்தானா என்று தெரிய, தொழிற்சாலையிலேயே டிஸ்க்கின் பள்ளத்தில் ஒரு குறி வைத்துவிடுவார்கள். பெட்டி அதைத்தான் படிக்கிறது. மேலே அட்டையில் 'ஆடியோ' என்று எழுதினால் என்ன, 'அமிர்தம்' என்று எழுதினால் என்ன? கடைக்காரர் டெமோவுக்குப் போட்டது அசல் மியூசிக் டிஸ்க். எனக்குத் தந்தது அட்டை மாற்றிய டேட்டா டிஸ்க்.

சரி, போகட்டும் என்று ஒரு நண்பரிடம் கேட்டேன். பரணிலிருந்து சீல் உடைக்காத மியூசிக் டிஸ்க் இரண்டைத் தேடிக் கொடுத்தார். 80 நிமிஷம் கொள்ளளவு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். இதில் பாட்டு ஓடுகிற நேரம் முழுக்கப் பதிவும் ஓடும், குறுக்குவழி கிடையாது. பாட்டுக்குப் பாட்டு தானாக நம்பர் விழும் வசதி இருந்தும் பிரயோசனமில்லை. கேசட்டின் 'ஸ்ஸ்' இரைச்சலைப் பெட்டி மௌனம் என்று ஒத்துக்கொள்ளாது. அதனால் ஒவ்வொரு பாட்டு தொடங்கும்போதும் அவரே பட்டனை அமுக்கினார், கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து. தொய்ந்த நாடாவைப் பென்சில் விட்டுச் சுற்றினார். தாத்தா உச்சஸ்தாயிக்குப் போன இடத்தில் லெவல் சிவப்பைத் தொட, பதறிக் குறைத்தார். கேசட்டில் கொஞ்சம் மீறினால் காது பொறுத்துக்கொள்ளும். டிஜிட்டலில் கரகரவென்று கிழிந்துவிடும். சாயங்காலம் ஐந்து மணிக்கு 16 பாட்டு, 71 நிமிஷம்.

கடைசி வேலை ஃபைனலைஸ். டிஸ்க்கில் பொருளடக்கத்தை எழுதி மூடுவது. இதைச் செய்தால்தான் மற்ற பிளேயர்களில் பாடும். செய்யாத டிஸ்க் பதிந்த பெட்டியில் மட்டும் நன்றாகப் பாடும். கடை டெமோவின் சூட்சுமம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா பட்டனை அமுக்கினார், பிழை என்று வந்தது. ஆறட்டும் என்று விட்டு மறுநாள் காலை பார்த்தோம், அதே பிழை. மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, "லேசர் ஓய்ஞ்சுபோச்சு சார். பதியற வரைக்கும் தாங்குது, மூடறதுக்குத் தாங்கல" என்றார். வேறு லேசர் கிடைக்குமா என்றதற்குச் சிரித்தார்.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "பாடுதுல்ல?" என்றார். பாடுகிறது, ஆனால் பதிந்து மூட மாட்டேன் என்கிறது என்றேன். பில்லை எடுத்து விரலால் காட்டினார்: 'பழைய சி.டி. பிளேயர் – 1'. ரெக்கார்டர் என்ற சொல்லே அதில் இல்லை. வாங்கின அன்று நான் தொகையை மட்டும் பார்த்து மடித்துப் பையில் வைத்திருக்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் இந்தப் பெட்டிதான் வேண்டும் என்றால், உங்களுடைய மியூசிக் டிஸ்க்கைக் கொண்டுபோய், அரை மணி நேரமாவது பதியவிட்டு, கண்ணெதிரே ஃபைனலைஸ் செய்யச் சொல்லி, வேறொரு பிளேயரில் ஓடினால் மட்டும் காசை எடுங்கள். பில்லில் 'ரெக்கார்டர்' என்று எழுதச் சொல்லுங்கள். தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

அப்பாவின் பதிவு தப்பியது. அக்கா மகன் ரெக்கார்டரின் சிவப்பு வெள்ளை ஒயரை லேப்டாப்பில் சொருகி 71 நிமிஷத்தையும் ஓடவிட்டுப் பிடித்தான். பிறகு அட்டை மாற்றிய அதே பத்து டிஸ்க்கில் எழுதிக் கொடுத்தான். கம்ப்யூட்டருக்கு அந்தக் குறியெல்லாம் பொருட்டில்லையே. அப்பா ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்பர் எல்லாம் நான் போட்ட இடத்துலயே விழுந்திருக்காடா?" என்று கேட்டார். விழவில்லை. அவன்தான் மவுஸால் மறுபடி வெட்டினான். விழுந்திருக்கு தாத்தா என்று சொல்லிவிட்டான்.