ஜீப், ஜிப்ஸி, ஃபாரஸ்டர்: முற்றத்தில் வைத்து நாமே பார்க்கத் தோதானது எது?

பழைய ஃபோர் வீல் வண்டி வாங்கப் போகிறேன், எது எடுக்கலாம் என்று மாதத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். மேடு ஏறுமா, சேற்றில் மாட்டுமா என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். எல்லாம் ஏறும். நின்றுபோனால் யார் அடியில் படுத்துப் பார்ப்பது என்று சொல்லுங்கள், அப்புறம் பதில் சொல்கிறேன் என்பேன். ஒர்க்ஷாப்பில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர் பணத்துக்கு ஏற்ற எதையும் எடுக்கலாம். நாமே பார்ப்பதென்றால் இரண்டே கேள்விதான்: பழுது கைக்கு எட்டுகிறதா, சாமான் போடியிலிருந்து பஸ்ஸில் வந்து சேருகிறதா?

நான் இருப்பது சூரியநெல்லி. கேரளா என்று பெயர். கடையிலும் தேயிலைக் காட்டிலும் ஜீப் ஸ்டாண்டிலும் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ்தான். பூப்பாறை போய் போடிமெட்டு இறங்கினால் தமிழ்நாடு. கொழுக்குமலைக்கு ஜீப் கிளம்புவது இங்கிருந்துதான். எஸ்டேட் தேனி மாவட்டத்தில் இருக்கிறது, ஏறும் பாதை எங்கள் பக்கம். அந்தக் கல்பாதையில் ஏறி இறங்கும் வண்டிகளின் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவன் என்பதால் ஸ்பேனர் பிடிக்கத் தனியாக யாரும் சொல்லித்தரவில்லை. முற்றத்தில் இப்போது மூன்று வண்டி நிற்கிறது: அப்பாவின் மஹிந்திரா எம்எம்540 டீசல் ஜீப், என்னுடைய மாருதி ஜிப்ஸி கிங், மச்சான் தேனியிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்த ஃபாரஸ்டர்.

காலையில் ஸ்டார்ட் ஆவது

மார்கழி, தை மாதங்களில் இங்கே விடியற்காலைக் குளிர் எலும்பைத் தொடும். ஜீப்பில் இருப்பது பெஜோ டீசல் இன்ஜின், 2112 சிசி. இந்த இன்ஜினில் டீசல் நேராக சிலிண்டருக்குள் போகாமல் பக்கத்தில் உள்ள சின்ன அறையில் எரிந்து வருவதால், குளிரில் ஹீட்டர் பிளக் சூடாகாமல் பிடிக்காது. பின்னால் வந்த 2523 சிசி டிஐ இன்ஜினில் டீசல் நேராக சிலிண்டருக்குள்ளேயே போவதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஹீட்டர் பிளக்கைச் சோதிப்பது சுலபம். பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, 12 வோல்ட் பல்பின் ஒரு வயரை பேட்டரி பிளஸ்ஸிலும் இன்னொன்றைப் பிளக்கின் தலையிலும் வையுங்கள். எரிந்தால் பிளக் நல்லது, எரியாவிட்டால் செத்தது. நான்கையும் பார்க்க ஐந்து நிமிடம்.

ஜிப்ஸிக்குக் குளிர் பிரச்சினை இல்லை, பனிதான். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள கார்புரேட்டர் ஜிப்ஸியில், மஞ்சு இறங்கிய மறுநாள் மூடிக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும். கிர் கிர் என்று சுற்றும், பிடிக்காது. மூடியின் இரண்டு கிளிப்பை விலக்கி, உள்ளே காய்ந்த துணியால் துடைத்து மாட்டினால் ஒரே சாவியில் பிடிக்கும். மூடிக்குள் முடி போல மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் துடைத்துப் பயனில்லை, மூடியே விரிசல் விட்டிருக்கிறது, மாற்ற வேண்டும். டீசலுக்கு இந்த ஈரமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

ஃபாரஸ்டர் சாவி போட்டவுடன் பிடிக்கும். அதில் கை வைப்பது எப்படி என்பது பின்னால் வருகிறது.

ஜீப்: எல்லாம் தெரியும், எல்லாம் கனம்

டீசல் ஜீப்பை வழியில் நிறுத்துவது பெரும்பாலும் ஏர் பிடிப்பது. போன ஐப்பசியில் நானே மாட்டினேன். டேங்க் அடியில் இருக்கிறது என்று தெரிந்தும் சின்னக்கானல் பக்கம் ஏற்றத்தில் ஓட்டினேன், பைப் காற்றை உறிஞ்சிவிட்டது. கேனில் இருந்த டீசலை ஊற்றி பானெட்டைத் திறந்தேன். ஃபில்டரின் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்தி, ஃபீட் பம்பின் கை லீவரை அடித்தேன். முதலில் சோப்பு நுரை மாதிரி வந்தது. பிறகு குமிழியும் டீசலுமாக. குமிழி நின்று கண்ணாடி போல் ஒழுகியதும் ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் பைப் நட்டுகளைத் தளர்த்தி செல்ஃப் அடிக்க, ஒவ்வொன்றாக டீசல் துப்பியது. இறுக்கினேன், பிடித்துவிட்டது. இரண்டு ஸ்பேனர், இருபது நிமிடம், சட்டை முழுக்க டீசல் வாசம். நாசில் பைப்பில் கசிவு பார்க்கும்போது மட்டும் விரலை வைக்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலுக்குள் இறங்கிவிடும். ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்க வேண்டும்.

ஜீப்பில் புதிதாகக் கை வைப்பவரை அழவைப்பது நட்டு போல்ட்டுதான். அடிப்படை பழைய வில்லிஸ் என்பதால் சேஸிஸ், ஆக்சில் பக்கம் அங்குல அளவு. இன்ஜின் பெஜோ என்பதால் அங்கே மில்லிமீட்டர். 9/16 அங்குலம் என்றால் 14.29 மி.மீ. 14-ஆம் நம்பர் ஸ்பேனர் உள்ளே போகாது, 15 போட்டால் வழுக்கி முனையைத் தின்றுவிடும். எங்கள் ஜீப்பில் தலை உருண்டுபோன போல்ட்டுகளில் பாதி என் பதினாறு வயதுக் கைவரிசை. ஆகவே ஒரு வண்டிக்கு இரண்டு செட் ஸ்பேனர் வாங்க வேண்டும். ஜிப்ஸிக்கு 10, 12, 14, 17, 19 இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

கிளட்ச் பிளேட் மாற்றும் நாளில் ஜீப்பின் மேல் உள்ள பாசம் குறையும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்பர் கேஸ் கியர்பாக்ஸின் பின்பக்கத்திலேயே போல்ட் போட்டு ஒட்டியிருக்கும். இரண்டும் சேர்ந்து இறங்கினால் மூன்று ஆள் வேண்டும், இல்லையென்றால் செயின் பிளாக் வேண்டும். அப்பாவும் நானும் ஒரு முறை பலாமரக் கிளையில் செயின் கட்டி இறக்கினோம். "டேய், கிளை முறியுமா கியர்பாக்ஸ் முறியுமான்னு பாரு" என்று அவர் சொன்ன அடுத்த நொடி கிளை முனகியது. இப்போது அந்த வேலையை ராஜகுமாரியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஆசானிடம் விட்டுவிடுகிறோம். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

ஜிப்ஸி: லேசான வண்டி, முன்சக்கரத்தில் வேலை

ஜிப்ஸியின் டிரான்ஸ்பர் கேஸ் தனியாக, மூன்று ரப்பர் மவுண்ட்டில் தொங்கும். கியர்பாக்ஸுக்கும் அதற்கும் நடுவே ஒரு குட்டி ஷாஃப்ட். ஆக்சிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போது டொக்கென்று அடித்தால் முதலில் இந்த ரப்பர்களையும் ஷாஃப்ட் மடங்கும் மூட்டான யூஜே கிராஸ்களையும் பாருங்கள். கிழிந்த மவுண்ட்டை மாற்றுவது ஒரு மதிய வேலை. கிளட்ச்சும் அப்படித்தான், டிரான்ஸ்பர் கேஸைத் தொடாமலே கியர்பாக்ஸ் மட்டும் தனியாக இறங்கிவிடும். என் கணக்கில் ஜிப்ஸி ஜீப்பை ஜெயிப்பது இந்த இடத்தில்தான்.

தோற்பது முன்சக்கர நக்கிளில், அதாவது ஸ்டியரிங்கோடு சக்கரம் திரும்பும் மூட்டில். வண்டி 50-க்கு மேல் போகும்போது ஸ்டியரிங் கையில் நடுங்கினால், முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், உள்ளே ஒருவரை உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங், அப்படியே இருந்தால் நக்கிள் திரும்பும் முளையில் உள்ள கிங்பின் பேரிங். இது தெரியாமல் வீல் பேரிங்கை மாற்றிவிட்டு, ஆட்டம் போகவில்லையே என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தவன் நான்.

கிங்பின் பேரிங் மாற்றுவது ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை. சக்கரம், பிரேக், ஹப், ஆக்சில் எல்லாம் வெளியே வர வேண்டும். நக்கிளின் உருண்டைக்குள்ளிருந்து வருவது கருப்பு கிரீஸாக இருந்தால் நல்லது. கஞ்சி போல ஓடினால் உள் ஆயில் சீல் போய், டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரமும் வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்) ஆயில் கிரீஸோடு கலந்திருக்கிறது. பேரிங் போடும் கையோடு அந்தச் சீலையும் மாற்றிவிடுங்கள், விலை ஒன்றும் இல்லை. பிறகு ஷிம் கணக்கு. மெல்லிய தகடுகளைக் கூட்டிக் குறைத்துத்தான் பேரிங்கின் இறுக்கம் வரும். வெளிச் சீலைப் போடாமல் நக்கிளைப் பூட்டி, ஸ்டியரிங்கின் டை ராட் கம்பி மாட்டும் துளையில் ஏலக்காய் நிறுக்கும் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுப்பேன். ஒரு கிலோவுக்கு மேல், இரண்டு கிலோவுக்குள் முள் நிற்கும்போது நக்கிள் நகர ஆரம்பித்தால் சரி. அதற்கு முன்பே நகர்ந்தால் ஒரு ஷிம்மை எடுக்க வேண்டும். அம்மா அந்தத் தராசைக் கேட்டு வரும்போது அதில் கிரீஸ் இருக்கும், அது வேறு கதை.

சாமான் விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஜிப்ஸி 1985-இல் வந்தது, ராணுவமும் போலீஸும் வாங்கிக் குவித்த வண்டி, ஆகவே பழைய சாமானும் நிறையப் புழங்குகிறது. காலையில் போடி கடைக்குப் போன் போட்டால் கண்டக்டர் கையில் மதியம் வந்துவிடும். தகரம் மட்டும் ஜிப்ஸியில் பலவீனம். இந்த மழைக்குத் தரையும் கதவின் அடியும் துரு தின்னும். வாங்கும்போது தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள்.

அடியில் படுக்கும் முன்

ஜிப்ஸியிலும் பல பழைய ஜீப்புகளிலும் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தைப் பிடிக்காது, டிரான்ஸ்பர் கேஸின் பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். சமதரையில் நான்கு சக்கரமும் ஊன்றியிருக்கும்வரை சரி. ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டால் டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுழலும், தரையில் இருப்பது உருளும். ஹேண்ட் பிரேக்கும் பிடிக்காது, கியரும் பிடிக்காது. எங்கள் முற்றம் சாய்வானது. ஜாக்கியோடு ஜிப்ஸி ஒரு முழம் நகர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன், நல்லவேளை அப்போது அடியில் போகவில்லை. மற்ற மூன்று சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கல் வைக்காமல் ஜாக்கியைத் தொடாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவும் வேண்டாம், ஸ்டாண்ட் வையுங்கள்.

ஃபாரஸ்டர்: நல்ல வண்டி, வேறு உலகம்

2000-களின் நடுவில் இந்தியாவில் செவர்லே பெயரில் விற்றது சுபாருவின் ஃபாரஸ்டர்தான். சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் படுத்திருக்கும் 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், எப்போதும் நான்கு சக்கரத்துக்கும் சக்தி. போடிமெட்டு வளைவுகளில் மழைநாளில் ஓட்டிப் பார்த்தால் மற்ற இரண்டையும் விற்றுவிடத் தோன்றும், அவ்வளவு சுகம்.

ஸ்பார்க் பிளக் மாற்றப் போன அன்று எனக்கு அந்த ஆசை தெளிந்தது. ஜிப்ஸியில் பானெட்டைத் திறந்தால் நான்கும் கண்ணெதிரே இருக்கும், கால் மணி நேரம். இதில் பிளக்குகள் இன்ஜினின் இரு ஓரத்தில், சேஸிஸ் சட்டத்தைப் பார்த்தபடி பக்கவாட்டில் இருக்கின்றன. ஒரு பக்கம் பேட்டரியையும் மறுபக்கம் ஏர் ஃபில்டர் பெட்டியையும் கழற்றி, குட்டையும் நீளமுமாக எக்ஸ்டென்ஷனை மாற்றி மாற்றிப் போட்டுத் திருப்ப வேண்டும். செய்யலாம். நகக்கண்ணில் ரத்தம் வரும்.

அதைவிட முக்கியம் டயர். ஜீப்பிலும் ஜிப்ஸியிலும் தார் ரோட்டில் டூ வீலில் ஓட்டுகிறோம், டயர்கள் கொஞ்சம் முன்பின் தேய்ந்திருந்தாலும் எதுவும் ஆகாது. (காய்ந்த ரோட்டில் ஃபோர் வீல் போட்டு வளைவு திரும்பினால் அவையும் முறுக்கிக்கொள்ளும், லீவர் திரும்ப வராது. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் விடும்.) மேனுவல் கியர் ஃபாரஸ்டரில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியலோடு ஒரு விஸ்கஸ் கப்ளிங் இருக்கிறது. உள்ளே தகடுகள், நடுவில் கெட்டியான சிலிக்கான் திரவம். முன்னும் பின்னும் வேறு வேகத்தில் ஓடினால் திரவம் சூடேறி இரண்டையும் இழுத்துப் பிடிக்கும். ஒரு டயர் மட்டும் புதிதாக இருந்தால் இந்தச் சண்டை ஓடும்போதெல்லாம் நடக்கும். நான்கு டயரின் சுற்றளவும் கால் அங்குல வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும் என்பது சுபாருவின் கணக்கு. தையல் டேப்பை டயரைச் சுற்றிப் பிடித்து யாரும் அளந்துவிடலாம்.

மச்சான் அளக்கவில்லை. பஞ்சரான ஒரு டயருக்குப் பதில் புது டயர் ஒன்றை மட்டும் போட்டு ஆறு மாதம் ஓட்டியிருக்கிறார். முற்றத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக உருட்டினால் யாரோ பிரேக் பிடிப்பது போல வண்டி இழுத்து நிற்கிறது. கப்ளிங் இறுகிவிட்டதற்கு அதுதான் அடையாளம். அதை மாற்ற கியர்பாக்ஸின் பின்பாகத்தைப் பிரிக்க வேண்டும், சாமான் போடியிலும் கிடையாது, தேனியிலும் கிடையாது. இரண்டு சக்கரத்தைத் தூக்கிக் கட்டி இழுக்கவும் முடியாது, நான்கு சக்கரமும் ஏறும் லாரிதான் வேண்டும். ஆசான் வந்து சுற்றிப் பார்த்தார். "தம்பி, இது நம்ம பட்டறைக்கு உள்ள பணியல்ல" என்று சொல்லிவிட்டு, ஜீப்பின் ஷாக்கிள் புஷ்ஷைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார்.

ஆக, இரண்டு பேர் கூட இருந்து, மலைப்பாதையில் சுமை ஏற்றுபவர் என்றால் டீசல் ஜீப்பை எடுங்கள், டிஐ இன்ஜினாக இருந்தால் காலையில் இன்னும் நிம்மதி. தனியாளாக ஞாயிற்றுக்கிழமை மட்டும் கை வைப்பவருக்கு ஜிப்ஸி, தரை துருப்பிடிக்காததாகப் பார்த்து. ஃபாரஸ்டர் மாதிரியான வண்டி கண்ணில் பட்டால், வாங்குவதற்கு முன் நான்கு டயரையும் டேப் போட்டு அளந்துவிட்டு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். மச்சானுடையதை வேண்டுமானால் இப்போதே வந்து பார்க்கலாம், முற்றத்தில்தான் நிற்கிறது. அதன் மேல் ஏலக்காய்ச் சாக்கு காய்கிறது.