அசிசியா, ஓர்வியேட்டோவா?

ரோமில் இருக்கிறீர்கள்; கையில் ஒரே ஒரு நாள். எந்த மலை நகரத்துக்குப் போவது?

ஓர்வியேட்டோ சுலபம். ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போல. நிலையத்துக்கு எதிரிலேயே மலையேற்றும் இழுவை ரயில். 1290இல் கட்டத் தொடங்கிய பேராலயம், இறங்குபவரும் ஏறுபவரும் சந்திக்காதபடி இரட்டைச் சுருள் படிகள் கொண்ட ஆழ்கிணறு. அவ்வளவுதான், மாலைக்குள் ரோம் திரும்பிவிடலாம்.

அசிசிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நிலையமோ அடிவாரத்தில், அங்கிருந்து பஸ். இருந்தும் என் ஓட்டு அசிசிக்கே. புனித பிரான்சிஸ் பேராலயத்தின் மேல்தளத்தில், பறவைகளுக்கு அவர் போதிக்கும் சுவரோவியம் வாசலை ஒட்டியே இருக்கிறது. நேரே பீடத்துக்கு நடந்தால் தவறிவிடும், திரும்பிப் பாருங்கள். 1997 நிலநடுக்கத்தில் இடிந்த விதான ஓவியங்களைத் துண்டு துண்டாகப் பொறுக்கி ஒட்டியிருக்கிறார்கள். அண்ணாந்தால் வெற்றுத் திட்டுகள் தெரியும். தோளும் முழங்காலும் மறையும் உடை அவசியம்.