மார்க் ஆண்டனியின் லீஜியன் தினாரியஸ்: எட்டு வருடப் புழக்கத்துக்குப் பிறகு

எட்டு வருடங்களுக்கு முன் ஒரு நாணய ஏலத்தில் இதை வாங்கினேன். ரோமானியத் தளபதி மார்க் ஆண்டனி, கி.மு. 32–31 குளிர்காலத்தில் தன் படைக்குச் சம்பளம் கொடுக்க அடித்த வெள்ளிக் காசு. தினாரியஸ் என்பது ரோமானிய வெள்ளிக் காசின் பெயர், லீஜியன் என்பது அவர்களின் பெரிய படைப்பிரிவு. வாங்கிய புதிதில் எழுதியிருந்தால் ‘நல்ல காசு, விலையும் கட்டுப்படியானது’ என்று முடித்திருப்பேன். வாரத்துக்கு ஒரு முறையாவது கையில் எடுத்துப் பார்த்துப் பார்த்துத்தான் சொல்ல விஷயம் சேர்ந்தது.

கட்டைவிரல் நகம் அளவுதான். என் தராசில் 3.4 கிராம். ஒரு பக்கம் துடுப்புகள் வரிசையாக நீட்டிய போர்க்கப்பல். மறுபக்கம் இரண்டு படைக்கொடிகளுக்கு நடுவே லீஜியனின் கழுகு. கப்பலின் மேல்பகுதி தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது. துடுப்புகள் மட்டும் இன்னும் நகத்தில் தட்டுப்படும். கப்பலின் வயிற்றில் பிறை வடிவத்தில் ஒரு சின்னக் குத்து இருக்கிறது. உள்ளே செம்பு வைத்து மேலே வெள்ளி பூசிய போலியா என்று சோதிக்க யாரோ ஒருவர் அந்தக் காலத்திலேயே குத்திப் பார்த்த அடையாளம். முதலில் அதைக் குறையாக நினைத்தேன். இப்போது இந்தக் காசில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

இதில் யாருடைய முகமும் இல்லை. சீசர் உயிரோடு இருக்கும்போதே தன் முகத்தைக் காசில் போட்டது கி.மு. 44-ல். அதன்பின் ஆளுக்காள் போட்டுக்கொண்டார்கள். ஆண்டனியே தன் கூட்டாளியான எகிப்து அரசி கிளியோபாட்ராவின் தலை பதித்த தினாரியஸ் அடித்தவர்தான். ஆனால் சம்பளக் காசில் பெயர் மட்டும் அவருடையது, படத்தில் இருப்பது சிப்பாயின் கப்பலும் கழுகும். கீழே லீஜியனைக் குறிக்கும் LEG என்ற மூன்று எழுத்தும் அந்த லீஜியனின் எண்ணும். காசை வாங்குகிறவன் தன் படைப்பிரிவின் பெயரை அதிலேயே படிக்கலாம். இவ்வளவு கெட்டிக்காரத்தனமான சம்பளப் பட்டுவாடாவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

செலவையும் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சீசர் உயர்த்திய பிறகு சிப்பாய்க்கு வருடச் சம்பளம் 225 தினாரியஸ். லீஜியனுக்கு 5,000 பேர் என்று வைத்தால் 11 லட்சத்துக்கு மேல் வருகிறது. ஆக்டேவியனை எதிர்த்துக் கடைசியாகப் போரிட்ட ஆக்டியத்தில் ஆண்டனியிடம் 19 லீஜியன்கள் இருந்தன. ஆள்பலம் முழுதாக இருந்திருந்தால் வருடத்துக்கு 2 கோடியைத் தாண்டும். கப்பலோட்டிகள் செலவு தனி. இந்தக் காசின் வெள்ளியில் வழக்கத்தைவிடச் செம்பைக் கூட்டிக் கலந்திருக்கிறார்கள், அதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

கி.மு. 31 செப்டம்பர் 2-ம் தேதி ஆண்டனி அங்கே கடலில் தோற்றார். தரைப்படை ஏழு நாள் அசையாமல் நின்றது, தளபதி கனிடியஸும் இரவோடு இரவாக நழுவிய பிறகுதான் எதிர்ப்பக்கம் போனது என்று பழங்கால வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதுகிறார். வென்ற ஆக்டேவியன் எகிப்தின் கஜானாவைக் கைப்பற்றித் தன் சிப்பாய்களின் பாக்கியைத் தீர்த்தார். அப்புறம் ‘எகிப்து பிடிபட்டது’ என்ற எழுத்தோடு முதலை போட்ட காசும் அடித்தார்.

சரி, தோற்றவரின் காசு ஏன் இவ்வளவு தேய்ந்திருக்கிறது? இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று நான்கு வருடம் ஆயிற்று. பர்ஸில் கிழிந்த பத்து ரூபாய் நோட்டும் புது நோட்டும் இருந்தால் கண்டக்டரிடம் எதை நீட்டுவோம்? வெள்ளி கூடின காசுகளை மக்கள் பதுக்கினார்கள், உருக்கினார்கள். மட்டமான இந்தக் காசை யாரும் உருக்கவில்லை. கி.பி. 64-ல் பேரரசர் நீரோ புதுக் காசில் வெள்ளியைக் குறைத்தபோது பழைய நல்ல காசுகள் இன்னும் வேகமாக மறைந்தன. இது மட்டும் கைமாறிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நூற்றாண்டுப் புதையல்களில்கூடக் கிடைக்கிறது. நம் கோவைப் பக்கம் கிடைத்த ரோமானிய வெள்ளியில் பெரும்பகுதி நீரோவுக்கு முந்தைய பேரரசர்களான அகஸ்டஸ் (ஆக்டேவியனின் பிற்காலப் பெயர்), டைபீரியஸ் காசுகள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். கடல் தாண்டி வந்தது நல்ல வெள்ளி.

குறைகளும் உண்டு. விற்றவர் கொடுத்த மெல்லிய பிளாஸ்டிக் உறையிலேயே இரண்டு வருடம் விட்டுவிட்டேன். ஓரத்தில் பச்சையாகப் பிசுபிசுப்பு படிந்துவிட்டது. அசிட்டோனில் ஊறவைத்து எடுத்தேன், தழும்பு கொஞ்சம் நிற்கிறது. வாங்கின அன்றே உறையை மாற்றிவிடுங்கள். அடுத்து, எண். ஏழாம் லீஜியன் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஐந்தாவது வருடம், மின்சாரம் போன ஓர் இரவில் போன் டார்ச்சைக் காசின் ஓரமாகப் படுக்கவைத்துப் பிடித்தபோது, ஏழைக் குறிக்கும் VII-ன் கடைசிக் கோட்டுக்கு நிழலே விழவில்லை. அது கோடல்ல, கீறல். என்னுடையது VI, ஆறாம் லீஜியன்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆண்டனிக்கு ஏறத்தாழ 200 வருடம் கழித்து ரோமானியப் பேரரசர்கள் மார்க்கஸ் அரேலியஸும் லூசியஸ் வெரஸும் ஆண்டனியின் இந்தக் காசைத் திரும்ப அடித்தார்கள். அதே கப்பல், அதே கழுகு. அதில் போட்ட எண் ஆறு.

வாங்க நினைப்பவர்களுக்கு: எண் பளிச்சென்று தெரியும் காசுகளுக்கு விலை ஏறிவிடும். மங்கலானதை வாங்குங்கள். விளிம்பில் வார்ப்புக் கோடு (அச்சில் ஊற்றிய போலியின் அடையாளம்) ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, எடையும் போட்டுக்கொள்ளுங்கள். எண்ணை டார்ச் வைத்து நீங்களே படியுங்கள்.