டிக்கெட்டில் ஒரு நிறுவனம், வானத்தில் வேறு நிறுவனம்: பணம் கட்டும் முன் இதைப் பாருங்கள்

கோட்ஷேர் டிக்கெட்டில், அதாவது ஒரு நிறுவனம் தன் விமான எண்ணில் விற்று வேறு நிறுவனம் ஓட்டும் டிக்கெட்டில், ஏமாந்தவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். நம்பிக்கையான நிறுவனத்தின் தளத்தில், அதன் விமான எண்ணைப் பார்த்து டிக்கெட் எடுக்கிறார்கள். அடிக்கடி பறப்பவர்களுக்குத் தரும் கோல்டு அட்டையின் எண்ணையும் பதிகிறார்கள். விமான நிலையம் போனால் கவுன்டரில் வேறு நிறுவனத்தின் பலகை. லவுஞ்ச் இல்லை, கூடுதல் 20 கிலோ இல்லை. ஊர் திரும்பிக் கணக்கைப் பார்த்தால் மைல் (பறந்ததற்குச் சேரும் சலுகைப் புள்ளி) பூஜ்யம். எழுதிக் கேட்டால், ‘இந்தக் கட்டண வகுப்புக்கு மைல் கிடையாது’ என்று ஒரு வரி பதில். விதிப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் விற்கும்போது அதைச் சின்ன எழுத்தில் ஒளித்து வைப்பது அநியாயம்.

பணம் கட்டும் பக்கத்தில் விமான எண்ணுக்குக் கீழே, ‘இயக்குவது இன்னார்’ என்று ஒரு வரி இருக்கும். பல தளங்களில் ‘விவரம்’ என்பதை அழுத்தினால்தான் தெரியும். எண் நாலு இலக்கமாக இருந்தாலே சந்தேகப்பட்டு அந்த வரியைத் தேடுங்கள். இயக்கும் நிறுவனத்தின் தளத்திலும் அதே தேதி, அதே நேரத்துக்கு விலை பாருங்கள். ஒரே இருக்கை இரண்டு எண்களில் இரண்டு விலைக்கு விற்பது சர்வசாதாரணம்.

பல விமான நிறுவனங்கள் சேர்ந்த கூட்டணி வேறு, இரு நிறுவனங்களுக்குள் போட்ட ஒப்பந்தம் வேறு. இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஸ்ரீலங்கன் 2014-ல் ஒன்வேர்ல்டு என்ற கூட்டணியில் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸும் அதில் உண்டு. எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் இல்லை, ஆனால் 2013 முதல் குவாண்டாஸோடு தனி ஒப்பந்தம் வைத்திருக்கிறது. எனவே குவாண்டாஸ் எண் போட்டு எமிரேட்ஸ் ஓட்டும் விமானத்தில், ஸ்ரீலங்கன் அட்டைக்கான ஒன்வேர்ல்டு சலுகைகள் செல்லாது. ஸ்டார் அலையன்ஸ் என்ற இன்னொரு கூட்டணியின் கோல்டு அட்டையும் அப்படித்தான்: கிளம்பும் விமானத்தைக் கூட்டணி உறுப்பினர் ஓட்டினால்தான் லவுஞ்ச். உறுப்பினரின் துணை நிறுவனம் என்பது போதாது. ஸ்கூட் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுடையதுதான். ஆனாலும் ஸ்டார் அலையன்ஸ் உறுப்பினர் இல்லை. திருச்சி, கோவையிலிருந்து சிங்கப்பூர் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மைலைத் தீர்மானிப்பது டிக்கெட்டில் கட்டண வகுப்பைக் குறிக்கும் ஒற்றை ஆங்கில எழுத்து. எகானமி என்ற ஒரே பெயருக்குள் பத்துக்கு மேற்பட்ட எழுத்துகள் ஓடும். ‘ஒய்’, ‘பி’ பெரும்பாலும் முழுக் கட்டணம், மைலும் முழுதாக வரும். மலிவு எழுத்துகளுக்கு 50 சதவீதம், 25 சதவீதம், அல்லது ஒன்றுமே இல்லை. எந்த எழுத்துக்கு எவ்வளவு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உங்கள் மைல் திட்டத்தின் தளத்தில், இயக்கும் நிறுவனத்தின் பெயரில் உள்ள அட்டவணையைத் திறந்து, எழுத்தை ஒப்பிட்ட பிறகே பணம் கட்டுங்கள். ஒரு பயணத்தின் மைல் ஒரு கணக்கில் ஏறிவிட்டால் வேறு கணக்குக்கு மாற்றித் தரமாட்டார்கள்.

நேர மாற்றம் வந்தால் இரு நிறுவனங்களும் ‘அவர்களைக் கேளுங்கள்’ என்று பந்தாடுவார்கள். 13 இலக்க டிக்கெட் எண்ணின் முதல் மூன்றைப் பாருங்கள்: 098 ஏர் இந்தியா, 618 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 176 எமிரேட்ஸ். பயணத்துக்கு முன்பு டிக்கெட்டை மாற்றித் தர வேண்டியவர் அந்த எண்ணுக்குரியவர். ஏஜென்டிடம் வாங்கியிருந்தால் முதலில் அவரிடம் போகச் சொல்வார்கள். இருக்கை தேர்வுக்கு இயக்கும் நிறுவனத்தின் தனி ஆறு எழுத்துப் பதிவுக் குறியீடு வேண்டும், கேட்டால்தான் தருவார்கள்.

நம் ஆட்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால் ஒரு நிறுவனம் பெயரை இரண்டு முறை அடிக்கும், இன்னொன்று அப்பா பெயரைக் கேட்கும். மைல் கணக்கில் இனிஷியல் மட்டும் இருந்தால் பொருந்தாமல் கோரிக்கை நிராகரிக்கப்படும். பயணத்துக்கு முன்பே கணக்கில் பெயரைத் திருத்துங்கள்.

கூட்டு வந்தால் வழி திறக்கும், போனால் மூடும். ஏர் பிரான்ஸ்-கேஎல்எம் கூட்டோடு 2017 அக்டோபரில் ஜெட் ஏர்வேஸ் சென்னை–பாரிஸ் சேவையைத் தொடங்கியது. 2019 ஏப்ரல் 17-ல் நிறுவனமே பறப்பதை நிறுத்தியது. ஆகவே மைலைச் சேமித்து வைக்காமல் செலவழியுங்கள்.

மைல் ஏறவில்லையா? போர்டிங் பாஸ் துண்டையும் மின்டிக்கெட்டையும் எறியாதீர்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃப்ளையரில் விடுபட்ட மைலைக் கேட்க, பறந்த நாளிலிருந்து 6 மாதம்தான் அவகாசம். நிறுவனம் எழுத்தில் மறுத்ததும் அந்தப் பதிலோடு, வாங்கும்போது பார்த்த பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து, இந்திய அரசின் விமானப் பயணிகள் புகார் தளமான ஏர்சேவாவில் புகார் பதியுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915.