மாடித்தோட்டத் தளை: தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு எவ்வளவு தாங்கும்?

தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை தரும் மாடித்தோட்டத் தளையின், அதாவது மாடியில் காய்கறி வளர்க்கும் பொருள்கள் அடங்கிய தொகுப்பின் (கிட்), முழு விலை 2021-22இல் 900 ரூபாயாக இருந்தது. மானியம் போக நாம் கட்டும் தொகை ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆறு பைகள், தலா 2 கிலோ எடையுள்ள ஆறு தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், ஆறு வகைக் காய்கறி விதைகள், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரங்கள், டிரைக்கோடெர்மா விரிடி என்ற நோய் தடுக்கும் பூஞ்சாணம் மூன்றும் தலா 200 கிராம், வேம்பு மருந்து 100 மில்லி, ஒரு கையேடு. இவ்வளவும் உள்ளே இருக்கும். கொடுக்கும் காசுக்கு நல்ல பொருள், தாராளமாக வாங்கலாம். ஆனால் தக்காளி, கத்தரி, மிளகாய் அடங்கிய கத்தரிக் குடும்பத்துச் செடிகள் பெருந்தீனிக்காரர்கள். தளையைப் பிரித்த கையோடு கட்டியை நனைத்து, பையில் நிரப்பி, நாற்றை நட்டால் அவை ஒரு சாண் உயரத்தில் வெளிறி நின்றுவிடும்.

நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைக்கும், சோறு போடாது. ஒரு கட்டிக்கு 8 முதல் 10 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் 25, 30 லிட்டர் அளவுக்கு உப்பிவரும். முதல் தண்ணீர் கறுப்புத் தேநீர் போல இறங்கும். அதைக் கொட்டிவிட்டு, நிறம் வெளுக்கும்வரை இன்னும் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். சோடியமும் பொட்டாசியமும் மிகுந்த நார் சுண்ணாம்புச் சத்தை (கால்சியத்தை) வேருக்கு விடாது. தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்து, தோல்போலக் குழிவது பெரும்பாலும் இதனால்தான், அல்லது ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதால். அலசிய நாரை லிட்டருக்கு 5 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துப் பிழிந்து எடுத்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

அதன் பிறகு நார் ஒரு பங்கு, செம்மண் அல்லது தோட்டத்து மண் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. பைக்கு 100 கிராம் வேப்பம்புண்ணாக்கு. இந்தக் கணக்கில் ஆறு பைக்கு இரண்டு மூன்று கட்டிகளே போதும். மிச்சத்தை நனைக்காமல் அடுத்த பருவத்துக்கு எடுத்து வையுங்கள். தொழுவுரமும் புண்ணாக்கும் தளையில் கிடையாது என்பதால் அந்தச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

தளையிலேயே உருப்படியானது அந்த மூன்று உயிர்ப் பொட்டலங்கள். வாங்கும்போதே தேதியைப் பாருங்கள். உள்ளிருப்பது உயிருள்ள நுண்ணுயிர், வெயிலில் வைத்தால் செத்துப்போகும். டிரைக்கோடெர்மா 200 கிராமையும் 10 கிலோ தொழுவுரத்தில் கலந்து, ஈரச்சாக்கு போர்த்தி, நிழலில் 15 நாள் வைத்துவிட்டுப் பைகளுக்குப் பிரித்துப் போட்டால் நாற்றழுகலும் வேரழுகலும் அடங்கும். பூஞ்சாணத்தைக் கொல்லும் மருந்து ஊற்றிய பையில் இதைப் போடுவது வீண்.

இந்த மூன்றின் விதையையும் பையில் நேராக ஊன்றாதீர்கள். குழித்தட்டில் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டு, தக்காளியை 25 நாளிலும், கத்தரியை 30 முதல் 35 நாளிலும், மிளகாயை 35 முதல் 40 நாளிலும் பைக்கு மாற்றலாம். பைக்கு ஒரு செடிதான். இரண்டு வைத்தால் இரண்டும் அரைகுறை. தக்காளிப் பொட்டலத்தில் பி.கே.எம்.1 என்றிருந்தால் குட்டையான குச்சியே போதும். பழத்தின் தோள் பச்சையாக இருப்பது அந்த ரகத்தின் இயல்பு, நோய் என்று பயப்பட வேண்டாம்.

வெயில் விரும்பும் செடி என்று மூன்றையும் ஒன்றாகச் சொல்வார்கள். கத்தரிக்கு அது முழுக்கப் பொருந்தும், மிளகாய்க்கு ஓரளவு பொருந்தும். தக்காளிக்கு இளங்காலையில் தொடங்கும் ஆறு மணி நேர வெயில் வேண்டும். ஆனால் பகலில் 35 டிகிரியும் இரவில் 24 டிகிரியும் தாண்டினால் மகரந்தம் கெட்டுவிடும். பூக்காம்பின் நடுவில் ஒரு கணு உண்டு. முதலில் அந்த இடம் மஞ்சளாகும், மறுநாள் தொட்டாலே பூ உதிரும். அதற்கு உரம் தெளித்துப் பயனில்லை. சென்னை மாதிரி ஊர்களில் ஐப்பசியில் மழை படாத இடத்தில் நாற்றுவிட்டு, கார்த்திகையில் நட்டால் தையிலிருந்து பழம் பறிக்கலாம். சித்திரையில் கையில் தளை கிடைத்தால் பைகளைக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் கொடுத்துவிட்டு, தக்காளி விதையை ஈரம் படாமல் மூடி வையுங்கள். எந்தப் பையையும் தளத்தில் நேராக வைக்கக் கூடாது, செங்கல் மேல்தான். கான்கிரீட் சூடு வேரை வேகவைத்துவிடும்.

வேம்பு மருந்தை, பாட்டிலில் வேறு அளவு போடாதபட்சத்தில், லிட்டருக்கு 5 மில்லி எடுத்து, இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் சேர்த்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி வாரம் ஒருமுறை தெளியுங்கள். 100 மில்லி என்பது 20 லிட்டர் கரைசல். ஆறு பைக்கு ஒரு பருவம் முழுக்க வரும். வெள்ளை ஈ, அசுவினி இதற்குக் கட்டுப்படும். மிளகாய் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: ஓரம் மேல்நோக்கிப் படகுபோலச் சுருண்டால் இலைப்பேன், வேம்பு மருந்தே போதும். கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டிருந்தால் மஞ்சள் சிலந்தி என்ற நுண்ணிய உயிரி. அதற்கு லிட்டருக்கு 3 கிராம் நனையும் கந்தகம், வெயில் தணிந்த பிறகு மட்டும். கத்தரியின் நுனித்தண்டு தலை தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. தெளிக்கும் வேம்பு மருந்து அங்கே எட்டாது. வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி நசுக்கிப் போட வேண்டும். இலைச்சுருள் நச்சுயிரி வந்த தக்காளியை வேரோடு பிடுங்கிவிடுவதே மற்ற செடிகளுக்கு நல்லது.

அறுவடை முடிந்த பையில் மறுபடியும் இந்தக் குடும்பத்துச் செடியையே வைக்காதீர்கள். தளையில் வரும் கீரை விதை அதற்குத்தான் உதவும். கத்தரியை மட்டும் ஆறாம் மாதம் பை மண்ணிலிருந்து ஒரு சாண் விட்டுக் கவாத்து செய்து, இரண்டு கை தொழுவுரம் போட்டால் அதே பையில் மீண்டும் துளிர்த்துக் காய்க்கும்.