பல்லுக்குக் கம்பி போடுவதற்கு முன்: எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நேர்ந்தது

பிள்ளைகளின் பல்லுக்குக் கம்பி போட எண்ணியிருப்பவர்களும், ஏற்கெனவே பணம் கட்டிவிட்டு மாதாமாதம் போய் வருகிறவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள ஒரு தனியார் பல் மருத்துவமனையில் என் தங்கை மகளுக்கு இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் சிகிச்சை நடந்தது. அவளுடைய நான்கு நல்ல பற்களை எடுத்தார்கள். எதற்காக எடுத்தார்களோ அந்த வேலை முடியவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்க இருப்பதால் மருத்துவமனையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

சிகிச்சை தொடங்கியபோது பிள்ளைக்கு 12 வயது. மேல்வரிசை முன்பற்கள் தூக்கலாகவும், கீழ்வரிசைப் பற்கள் நெருக்கமாகவும் இருந்தன. மைத்துனர் சவுதியில் வேலை பார்ப்பதால் அழைத்துச் செல்லும் பொறுப்பு தாய்மாமனான எனக்கு வந்தது. முதல் நாளே ஓ.பி.ஜி. எனப்படும் முழு வாய் எக்ஸ்ரே ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, மேலும் கீழுமாக நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்தாக வேண்டும் என்றார்கள். வரவேற்பில் இருந்த பெண், “முழுத் தொகையையும் இன்னைக்கே கட்டினா ஓணம் ஆஃபர் உண்டு அண்ணே, அடுத்த வாரம் வந்தா இந்த ரேட்டு கிடையாது” என்றார். 45,000 ரூபாய் கட்டினோம். அதற்குக் கிடைத்த ரசீதில் ‘பல் கம்பி சிகிச்சை’ என்ற சொற்களையும் தொகையையும் தவிர வேறொன்றும் இல்லை.

அன்று எடுக்கப்படாதவைதான் முக்கியமானவை. கம்பி போடுவதற்கு முன் ஓ.பி.ஜி.யுடன், தலையைப் பக்கவாட்டில் படம் பிடிக்கும் லேட்டரல் செஃபலோகிராம் என்ற எக்ஸ்ரேயும், இரு வரிசைப் பற்களின் அச்சும், முகத்தையும் பற்களையும் பல கோணங்களில் காட்டும் புகைப்படங்களும் எடுப்பது முறை. பற்கள் மட்டும் முன்னே சாய்ந்திருக்கின்றனவா, மேல்தாடையே முன்னே இருக்கிறதா, கீழ்த்தாடை பின்தங்கி இருக்கிறதா என்பதை அளந்து சொல்ல அந்தப் பக்கவாட்டுப் படம் வேண்டும். வளர்ச்சி முடியாத 12 வயதுப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு மிகவும் பெரியது; கீழ்த்தாடை பின்தங்கியிருப்பதுதான் காரணம் என்றால், வளரும் பருவத்திலேயே தாடைக்கான கருவியைப் பொருத்திப் பார்க்க வழி உண்டு, சிலருக்குப் பல் எடுக்கும் தேவையே குறையவும் கூடும். பல் எடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. இடப்பற்றாக்குறை அதிகமாக உள்ளவர்களுக்கு அது சரியான சிகிச்சை. ஆனால் அளந்து பார்க்காமல் எடுத்த பல்லைத் திரும்ப வைக்க முடியாது.

முதல் இரண்டு முறை ஒரு பல் சீரமைப்பு நிபுணர் வந்து பார்த்தார். அதன் பிறகு அவர் வரவில்லை. நம் ஊர்ப் பக்கத்தில் மார்த்தாண்டம், தக்கலை, கருங்கல் போன்ற இடங்களில் உள்ள பல மருத்துவமனைகளுக்கு நிபுணர்கள் மாதத்தில் ஓரிரு நாட்கள் மட்டும் வந்து செல்வது வழக்கம். அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. வந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டதை மறைத்து, அங்கேயே இருக்கும் பொதுப் பல் மருத்துவர் கம்பியை முறுக்கி அனுப்பிக்கொண்டிருந்ததுதான் குற்றம். நிபுணர் எங்கே என்று கேட்டபோதெல்லாம் அடுத்த மாதம் வருவார் என்றார்கள். நான்கிலிருந்து ஆறு வாரங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டிய சிகிச்சையில் சில நேரம் மூன்று மாத இடைவெளி விழுந்தது. கம்பியைத் தாங்குவதற்காகப் பல்லில் ஒட்டும் சிறு துண்டான பிராக்கெட் கழன்று விழும்போதெல்லாம் பிள்ளை முந்திரிக்கொத்தைக் கடித்திருப்பாள் என்று சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பணம் வாங்கினார்கள். முந்திரிக்கொத்து கடினமான பண்டம்தான், கம்பி போட்டவர்கள் தவிர்க்க வேண்டியதும்தான். ஆனால் தங்கை வீட்டில் அது கிறிஸ்துமஸ் சமயத்தில் மட்டுமே செய்யப்படுவது, பிராக்கெட்டோ ஆண்டு முழுவதும் கழன்றது.

இரண்டு ஆண்டுகள் கடந்தும் பல் எடுத்த இடங்களில் மேலே இரு பக்கமும் இடைவெளி தெரிந்தது, முன்பற்களோ தூக்கலாகவே இருந்தன. திருவனந்தபுரத்தில் பேராசிரியராகப் பணிபுரியும் ஒரு நிபுணரிடம் அழைத்துச் சென்றபோதுதான் நடந்தது விளங்கியது. ஒரு முன்கடைவாய்ப் பல்லை எடுத்தால் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் இடம் கிடைக்கும். பற்களை வரிசைப்படுத்திய பின் அந்த இடம் மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் அளவில்தான் மூடும். பல்லைச் சுற்றியுள்ள எலும்பு ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் புதிதாக உருவாக வேண்டியிருப்பதால் இதில் அவசரம் செல்லாது. முன்பற்களைப் பின்னே இழுக்கும்போது, பிடிமானமாக நிற்கும் கடைவாய்ப் பற்களும் முன்னே நகரப் பார்க்கும். அவை நகராமல் காக்கத்தான் எலும்பில் மினி ஸ்குரூ பொருத்துவது போன்ற ஏற்பாடுகள் உள்ளன. எங்கள் பிள்ளைக்கு எந்தப் பிடிமானமும் செய்யப்படாததால், முன்பற்களுக்காக உண்டாக்கிய இடத்தின் பெரும்பகுதியைக் கடைவாய்ப் பற்கள் முன்னே வந்து எடுத்துக்கொண்டன. புதிய எக்ஸ்ரேயில் மேல் முன்பற்கள் இரண்டின் வேர்நுனி குறுகியிருந்தது. கம்பி சிகிச்சையில் சிறிதளவு வேர் குறுகுவது பலருக்கும் நேரும். இடையிடையே எக்ஸ்ரே எடுத்துக் கண்காணித்திருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும் என்றார் அவர். பிராக்கெட்டைச் சுற்றிச் சுண்ணாம்புத் திட்டுகளைப் போன்ற வெண்புள்ளிகளும் இருந்தன. அது பற்சிதைவின் தொடக்கம். பல் துலக்கும் முறையை ஒரு நாளும் அந்த மருத்துவமனையில் யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆகவே பணம் கட்டும் முன், சிகிச்சையை நேரில் செய்யப்போகிறவர் யார் என்பதைப் பெயருடன் கேளுங்கள். பி.டி.எஸ். என்பது பல் மருத்துவத்தின் அடிப்படைப் பட்டம். அதற்கு மேல் மூன்றாண்டு எம்.டி.எஸ். படிப்பில் ஆர்த்தோடான்டிக்ஸ் பிரிவை முடித்தவரே பல் சீரமைப்பு நிபுணர். எம்.டி.எஸ். என்று மட்டும் பலகையில் இருந்தால் போதாது, ஈறு சிகிச்சைக்கும் வேர் சிகிச்சைக்கும் எம்.டி.எஸ். உண்டு. பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அந்த நிபுணர் மாதத்தில் எந்த நாட்களில் வருவார், அவர் நின்றுவிட்டால் அடுத்து யார் பார்ப்பார் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

சிகிச்சைத் திட்டம் தாளில் இருக்க வேண்டும். எந்தப் பற்களை, ஏன் எடுக்கிறார்கள், எடுக்காமல் செய்ய வழி உண்டா, ஏறத்தாழ எத்தனை மாதம் ஆகும் என்பவை அதில் வேண்டும். பலருக்கும் 18 முதல் 24 மாதங்கள் ஆகலாம். ஆறே மாதத்தில் எல்லாம் முடியும் என்று வாக்களிப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். நான்கு பற்களை எடுக்கச் சொன்னால், எடுப்பதற்கு முன் இன்னொரு நிபுணரிடம் காட்டுவது நல்லது. குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, எல்லை தாண்டினால் திருவனந்தபுரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரியே உள்ளது.

முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டச் சொல்லும் சலுகையை நான் இனி யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தவணையில் கட்டுகிறவரிடம் மருத்துவமனைக்கு அக்கறை நீடிக்கிறது என்பது என் கணிப்பு. ரசீதில் எக்ஸ்ரே, பல் எடுத்தல், கழன்ற பிராக்கெட்டை ஒட்டுதல், பற்களை அதே இடத்தில் நிறுத்தி வைக்கக் கடைசியில் தரும் ரிடெய்னர் ஆகியவை சேர்ந்தனவா தனியா என்று குறிக்கச் சொல்லுங்கள். ரிடெய்னரைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. கம்பியைக் கழற்றிய பின் அதை அணியாவிட்டால் பற்கள் பழைய இடத்துக்கே நகரத் தொடங்கும்.

சிகிச்சை ஆவணங்களை அவ்வப்போது நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பழைய படங்களைக் கேட்டபோது, நிபுணர் கொண்டுபோய்விட்டார் என்றார்கள். பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரக் கேட்டதற்கு, பிள்ளை ஒத்துழைக்கவில்லை என்றார்கள். எங்களிடம் இருந்தவை ரசீது, கட்டணத்துக்கான கூகுள் பே பதிவுகள், அடுத்த மாதம் வரச் சொன்ன வாட்ஸ்அப் செய்திகள், அவள் தாய் கைப்பேசியில் எடுத்த படங்கள் ஆகியவை. இவையே இப்போது எங்களுக்குச் சான்று. திருவனந்தபுரத்து நிபுணர் தமது கருத்தை எழுத்தில் தந்திருக்கிறார்.

கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்திருக்கிறது. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் அளிக்கலாம். நாம் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பேசிப் பார்க்கலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் அதை அளிக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கக்கூடும் என்றாலும் அதை நம்பி இருக்க இயலாது. ஆகவே, நிபுணர் அடுத்த மாதம் வருவார் என்ற பதிலையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள், அந்தப் பதில் முதலில் வந்த தேதியை இன்றே எழுதி வைத்துவிட்டு, ஆவணங்களைக் கேட்டு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள்.