மலைக் கொரில்லாவைத் தேடி: புவிண்டியா, ருவாண்டாவா?

மலைக் கொரில்லாக்கள் வாழும் காடு மூன்றே நாடுகளில்தான் இருக்கிறது: உகாண்டா, ருவாண்டா, காங்கோ. காங்கோவின் விருங்கா பூங்காவை இப்போதைக்கு விட்டுவிடலாம். 200க்கும் மேற்பட்ட வனக்காவலர்களைப் பலிகொண்ட இடம் அது. பக்கத்து நகரமான கோமாவும் 2025 ஜனவரியில் எம்23 என்ற கிளர்ச்சிப் படையின் கைக்குப் போய்விட்டது. மிச்சத்தில் முக்கியமானவை உகாண்டாவின் புவிண்டிக் காடும் ருவாண்டாவின் எரிமலைப் பூங்காவும். நான் போனது புவிண்டிக்கு. முட்டிவலி இல்லாத யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

விலை வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்ததே. கொரில்லாவைப் பார்க்கும் பெர்மிட் ருவாண்டாவில் 1,500 டாலர், உகாண்டாவில் 800. ஒரு குழுவுக்கு 8 பேர், 15 வயது நிரம்பியிருக்க வேண்டும், கொரில்லாவுடன் ஒரு மணி நேரம் என்பதெல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். ருவாண்டாவின் தலைநகர் கிகாலியிலிருந்து எரிமலைப் பூங்காவுக்கு இரண்டரை மணி நேரம் போதும். உகாண்டாவின் விமான நிலையம் இருக்கும் எண்டெபேயிலிருந்து புவிண்டிக்கு ஒரு பகல் முழுக்க வண்டியில் போய்விடும்.

முடிவு செய்ய வேண்டியது சரிவை வைத்து. ஆபத்து என்றதும் ஆளைத் தாக்கும் மிருகம்தான் நினைவுக்கு வருகிறது. 1999இல் புவிண்டியின் புஹோமா பகுதியில் ஆயுதக்குழு 8 சுற்றுலாப் பயணிகளைக் கொன்றதும் உண்மை. இன்று காவலர்கள் துப்பாக்கியோடுதான் கூட வருகிறார்கள். ஆனால் காட்டுக்குள் நம்மை வீழ்த்துவது கால்தான். கொரில்லாக் கூட்டம் இருக்கும் பக்கம் பாதை கிடையாது; வழிகாட்டி அரிவாளால் கொடியை வெட்டிக்கொண்டே போவார். மிதிப்பது மண்ணை அல்ல, ஒன்றின்மேல் ஒன்று மடிந்து கிடக்கும் கொடியையும் சருகையும். ஒரு கால் நிற்கும், மறு கால் முழங்கால்வரை உள்ளே போகும். பிடிமானத்துக்குக் கை நீட்டினால், பட்டாலே அரிக்கும் செந்தட்டி. தோட்டவேலைக் கையுறை இல்லாமல் போகவே கூடாது. காலுறைக்குள் பேன்ட்டைத் திணித்துக்கொள்ளுங்கள், எறும்புக்காக.

இறங்கும்போதுதான் முட்டி கெஞ்சும். அங்கே போர்ட்டர் வைத்துக்கொள்வது சொகுசு அல்ல. 20 டாலர் அளவில்தான் ஆகும். பையைச் சுமப்பதோடு, ஏற்றத்தில் கைகொடுத்து இழுப்பார், இறக்கத்தில் முன்னால் நின்று தாங்குவார். நடக்கவே முடியாதவர்களை நாற்காலியில் வைத்து ஊர்க்காரர்கள் தூக்கிப்போகும் ஏற்பாடும் உண்டு. முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ருவாண்டாப் பக்கம் நான் ஏறியதில்லை. போய்வந்த நண்பர்கள் சொன்னதை வைத்துச் சொல்கிறேன்: உருளைக்கிழங்கு வயலைத் தாண்டி மூங்கில் காட்டுக்குள் நுழைவீர்கள், காலூன்றத் தரை கிடைக்கும். பூங்கா அலுவலகம் இருக்கும் கினிகியில் காலையில் எல்லோரையும் ஒரே இடத்தில் கூட்டி, உடல்வாகைப் பார்த்து அருகிலோ தொலைவிலோ உள்ள கூட்டத்துக்கு அனுப்புவார்கள். முட்டிவலி உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அதுவே சரி, காசு கூடுதலானாலும். உயரம் மட்டும் கவனம்: பூங்கா தொடங்குவதே ஏறக்குறைய 2,400 மீட்டரில். புவிண்டியின் உச்சியே 2,607தான்.

மற்றவர்கள் புவிண்டிக்கே போங்கள். மழைக்காடு என்று நாம் மனதில் வைத்திருப்பது அதுதான். ஈரமும் இருட்டும் நாள் முழுக்க மேலே படியும். கொரில்லாவுக்கு ஒரு மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் காடுதான் உங்களுக்கு.

பெர்மிட் எடுக்கும்போது பகுதியைப் பாருங்கள். புஹோமா, ருஹிஜா, ருஷாகா, ங்குரிங்கோ என நான்கு உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மலைச்சாலையில் மணிக்கணக்காகும். பெர்மிட் ருஷாகாவில், அறை புஹோமாவில் என்று அமைந்தால் விடிகாலை நடைக்குப் போய்ச் சேர முடியாது. அப்புறம் மஞ்சள் காய்ச்சல் ஊசி. போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள்.